ஆபரேட்டர்களில் இருந்து அடுத்த சூப்பர்வைசர்களை எப்படி எடுப்பது? அப்ரைசல் மார்க் போதுமா?

ஷிஃப்ட்_பி எழுதியது:

வணக்கம். ஓரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை. மெஷினிங், அசெம்ப்ளி இரண்டும் சேர்த்து நிரந்தரத் தொழிலாளர்கள் 420 பேர், லைன் சூப்பர்வைசர்கள் 24 பேர். அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு சூப்பர்வைசர்கள் ஓய்வு பெறுகிறார்கள். புது அசெம்ப்ளி லைனுக்கு மூன்று பேர் வேண்டும். வழக்கமாக வேலையை விட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் இன்னும் இரண்டு இடம் காலியாகும். ஆக ஏழு. வெளியாள் வேண்டாம், உள்ளேயே வளர்ப்போம் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது.

பிளான்ட் ஹெட் யோசனை: மூன்று வருட அப்ரைசல் (வருடாந்தர மதிப்பீடு) மார்க்கை எடு, மேலே இருக்கும் ஏழு பேரைப் பிடி, ஒரு வாரம் வெளியே லீடர்ஷிப் டிரெய்னிங் அனுப்பு, முடிந்தது. கன்சல்டன்ட் ஒருவர் ஒன்பது கட்டம் போட்டு ஆட்களை அதில் பிரித்துத் தருகிறேன் என்கிறார். இரண்டுமே எனக்குத் திருப்தியாக இல்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, எடுத்தவர்களை எப்படித் தயார் செய்வது, அவர்களிடம் "நீ பட்டியலில் இருக்கிறாய்" என்று சொல்லலாமா? இந்த மூன்றுக்கும் செய்து பார்த்தவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

கெம்பா_நடை எழுதியது:

முதலில் எண்ணிக்கை. ஏழு இடத்துக்கு ஏழு பேரை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போவார், ஒருவருக்கு இந்த வேலையே பிடிக்காது, ஒருவர் தேற மாட்டார். பத்தில் ஆறு பேர் கடைசிவரை வருவார்கள் என்று வைத்தால் 7 ÷ 0.6, அதாவது 12 பேர். அந்த 0.6 உங்கள் பிளான்ட்டின் பழைய கணக்கில் இருந்து வர வேண்டும், நான் சொன்னேன் என்று போடாதீர்கள். பாதுகாப்புக்கு இருபது பேரை எடுப்பதும் தப்பு. இடம் கிடைக்காதவர்கள் உங்கள் செலவில் கற்றதை வைத்துக்கொண்டு பக்கத்து யூனிட்டில் சூப்பர்வைசர் ஆகிவிடுவார்கள்.

அப்ரைசல் மார்க் உள்ளே வர டிக்கெட், அவ்வளவுதான். இரண்டு வருடம் சராசரிக்கு மேல், பெரிய ஒழுங்கு நடவடிக்கை இல்லை, மூன்று வருட சர்வீஸ் என்று ஒரு கோடு போட்டு அதோடு அதை மறந்துவிடுங்கள். நல்ல ஆபரேட்டர் சூப்பர்வைசர் ஆனதும் செய்யும் முதல் தப்பு எல்லா பிளான்ட்டிலும் ஒன்றுதான்: லைன் நின்றால் ஆபரேட்டரை நகரச் சொல்லிவிட்டுத் தானே மெஷினில் நிற்பார். அந்த மெஷின் ஓடும். மற்ற ஏழு மெஷினை யாரும் பார்க்க மாட்டார்கள். அப்ரைசலில் இவருக்கு முழு மார்க் வந்ததே அந்தக் கை வேகத்துக்காகத்தான்.

ஆகவே நாளைக்குச் செய்யப்போகும் வேலையை இன்றைக்கே ஒரு துண்டு செய்ய வைத்துப் பாருங்கள். இரண்டு சோதனைப் பயிற்சி போதும்.

ஒன்று, ஷிஃப்ட் ஆரம்பம். மேசையில் பத்து சீட்டு, முப்பது நிமிடம். எதை முதலில் எடுப்பாய், யாரிடம் கொடுப்பாய், ஏன் என்று எழுத வேண்டும். சீட்டுகளில் இவை கட்டாயம் இருக்கட்டும்: மூன்று பேர் வரவில்லை, அதில் ஒருவர் லீக் டெஸ்ட் ஸ்டேஷனுக்குத் தகுதி பெற்ற ஒரே ஆள். ஷிஃப்டின் ஃபர்ஸ்ட் பீஸில் போர் (துளை) விட்டம் 0.02 மி.மீ. கூடுதல், முந்தைய ஷிஃப்ட் ஓட்டிய 180 பீஸ் டிராலியில் நிற்கிறது, லாரி 7.30க்கு. ஒரு பிரஸ்ஸில் லைட் கர்ட்டனை (கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் ஒளித் தடுப்பு) பைபாஸ் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குள் கைகலப்பு. மீதி ஆறும் கேன்டீன் புகார், யூனிஃபார்ம், மாலை மீட்டிங் மாதிரி அவசரமில்லாத சமாசாரம்.

பிரஸ் சீட்டுதான் முதலில். கை போகிற விஷயம். அதை ஐந்தாவதாக எடுத்தவருக்கு மற்றதில் எத்தனை மார்க் வந்தாலும் இந்தச் சுற்றில் தேர்ச்சி இல்லை. போர் சீட்டில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். சுமாரானவர் "டூல் ஆஃப்செட் (வெட்டும் டூலின் அளவுத் திருத்தம்) மாற்றி ஓட்டுவேன்" என்று எழுதுவார். அடுத்த பீஸ் சரியாக வரும், ஆனால் அந்த 180 லாரியில் ஏறிவிடும். தேறுகிறவர் டிராலிக்குச் சிவப்பு டேக் போடுவார், குவாலிட்டிக்குச் சொல்லிக் கடைசியாகச் சரியாக இருந்த பீஸ் வரை பின்னோக்கிச் சோதிக்கச் சொல்வார், லாரி தாமதமாகும் என்று டிஸ்பாட்சுக்கு 7 மணிக்கே தகவல் கொடுப்பார், அதற்குப் பிறகுதான் ஆஃப்செட்.

இரண்டு, கற்றுக்கொடுப்பது. புது டிரெய்னி ஒருவரை நிறுத்தி, ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) பிரஸ் செய்வதை இருபது நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவில் வந்த டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) முறையின் நான்கு படிதான் அளவுகோல்: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வைத்துப் பார், பிறகு வந்து கவனி. சீலின் உதடு எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும், கிரீஸ் தடவ வேண்டும், கைடு ஸ்லீவ் இல்லாமல் ஏற்றினால் ஷாஃப்ட்டின் கீவே (சாவிப் பள்ளம்) விளிம்பு உதட்டைக் கிழித்துவிடும் என்று காரணத்தோடு சொல்கிறாரா? பத்தாவது நிமிடத்தில் சீல் யார் கையில் இருக்கிறது? அவர் கையிலேயே இருந்தால் கற்றுக்கொடுக்கவில்லை, வித்தை காட்டுகிறார்.

அளவுகோல் எழுதியது:

கெம்பா சொன்னதோடு உடன்படுகிறேன். கன்சல்டன்ட்டின் ஒன்பது கட்டம் பற்றிக் கொஞ்சம்.

அது ஆட்களை அளக்கப் பிறந்ததே இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்காக மெக்கின்சி உருவாக்கியது, எந்தத் தொழில் பிரிவில் பணம் போடலாம் என்று பார்க்க. பிறகுதான் மனிதவளத்துறை எடுத்துக்கொண்டது. ஒரு அச்சில் இன்றைய செயல்திறன், இன்னொன்றில் வளரும் திறன். இரண்டாவது அச்சு என்னவென்று யாரும் எழுதி வைக்காததுதான் வழக்கமான கோளாறு. எழுதி வைக்காவிட்டால் மேலதிகாரி முதல் அச்சின் மார்க்கையே இரண்டாவதிலும் போடுவார். சோதிக்க எளிய வழி உண்டு: நிரப்பிய படத்தைப் பாருங்கள். பெயர்கள் பெரும்பாலும் கீழ் இடது மூலையில் இருந்து மேல் வலது மூலைக்கு ஒரே கோட்டில் விழுந்திருந்தால், ஒரே விஷயத்தை இரண்டு முறை அளந்திருக்கிறீர்கள். கன்சல்டன்ட்டுக்குப் பணம் கொடுக்குமுன் இதைக் கேளுங்கள்.

நான் வளரும் திறனை மூன்றாக உடைப்பேன். தெரியாத வேலையைக் கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார், தன் கையால் செய்யாமல் மற்றவர் மூலம் வேலையை முடிக்கிறாரா, இந்த வேலை அவருக்கு வேண்டுமா. மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. ஷிஃப்ட் மாற்றம், ஞாயிற்றுக்கிழமை போன், நண்பர்களைக் கண்டிக்க வேண்டிய சங்கடம், இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டால் சிலர் மறுத்துவிடுவார்கள். பட்டியலுக்கு முன்னால் வரும் மறுப்பு நல்லது.

எந்தக் கருவி எவ்வளவு கணிக்கிறது என்பதற்கு 2022இல் பால் சாக்கெட் குழு வெளியிட்ட மறுகணக்கு இருக்கிறது. 0 என்றால் ஒன்றும் கணிக்காது, 1 என்றால் முழுக்கக் கணிக்கும். முன்கூட்டியே கேள்வியும் மார்க் அளவும் எழுதி வைத்து எடுக்கும் நேர்காணலுக்கு 0.42, வேலை அறிவுத் தேர்வுக்கு 0.40, வேலையில் ஒரு துண்டைச் செய்ய வைத்துப் பார்க்கும் வேலை மாதிரிக்கு 0.33. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. அனுபவ வருடங்களுக்கு 0.07. ஆட்களை வேலைக்கு எடுப்பது பற்றிய கணக்கு இது, பதவி உயர்வுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சீனியாரிட்டியையும் "பேசிப் பார்த்தேன், நல்ல பையன்" என்பதையும் எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். பதவி உயர்வைப் பற்றியே நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. அதிகம் விற்றவர்களுக்கே மேனேஜர் பதவி கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை மற்றவர்களைவிட மோசமானது. உங்கள் பிளான்ட் ஹெட்டிடம் இதைக் காட்டலாம்.

மார்க் போடுவது: மூன்று பேர், மூவரில் யாரும் நேரடி மேலதிகாரியாக இருக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் பேசாமல் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே விவாதம், அதிலும் பதவியில் இளையவர் முதலில் பேசட்டும். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் மற்ற இரண்டு தாளும் மாறிவிடும். 1, 3, 5க்கு நடத்தையை வாக்கியமாக எழுதி வையுங்கள். உதாரணம், 'பிரச்சினையை மேலே சொல்வது': மறைத்தார் அல்லது கேட்டபின் சொன்னார், 1. தானாகச் சொன்னார், ஆனால் எண்ணிக்கை இல்லாமல், 3. எத்தனை பீஸ், எப்போதிலிருந்து, இப்போது என்ன தடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னார், 5.

ஏடி அண்ட் டி 1956இல் தன் இளம் அதிகாரிகளை வைத்து நீண்டகால ஆய்வு தொடங்கியபோது, மதிப்பீட்டு முடிவுகளைக் கம்பெனி மேலதிகாரிகளுக்குக் காட்டவே இல்லை. மார்க் தெரிந்தால் மேலே தூக்கிவிடுவார்கள், பிறகு கணிப்பு பலித்ததா, பலிக்க வைக்கப்பட்டதா என்று தெரியாது. நீங்கள் அந்த அளவுக்குப் போக முடியாது, ஆனால் மார்க் தாளை செக்ஷன் ஹெட்களிடம் கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு. சோதனைப் பயிற்சியைத் தமிழிலேயே நடத்துங்கள், இந்தி பேசுகிறவருக்கு இந்தியில். இங்கிலீஷில் நடத்தினால் டிப்ளமோ படித்தவர்களில் நன்றாகப் பேசுகிறவர்கள் மட்டுமே மேலே வருவார்கள். அசெம்ப்ளியில் பெண்கள் பாதிப் பேர் இருந்து பரிந்துரைப் பட்டியலில் ஒருவர்கூட இல்லையென்றால் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள். "கல்யாணம் ஆனா போயிடும்" என்று யாராவது சொன்னால், அதே செக்ஷனில் ஐந்து வருடத்தில் விலகிய ஆண்களின் கணக்கைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

ஷிஃப்ட்_பி எழுதியது:

மிகவும் நன்றி, இருவருக்கும். நடைமுறையில் இரண்டு சிக்கல் தெரிகிறது. 420 பேருக்கு இந்தப் பயிற்சியை நடத்த முடியாது. இரண்டாவது, செக்ஷன் ஹெட்கள் நல்ல ஆளின் பெயரைக் கொடுக்கவே மாட்டார்கள், கொடுத்தால் தங்கள் லைன் படுத்துவிடும் என்ற பயம்.

பிபிசி_மூலை எழுதியது:

இரண்டுக்கும் வழி இருக்கிறது.

வடிகட்டலை மூன்று கட்டமாக வையுங்கள். செக்ஷன் ஹெட் பரிந்துரையோடு, தானே மனு கொடுக்கும் வழியையும் திறந்து விடுங்கள். நல்ல ஆளைப் பதுக்குகிற செக்ஷன் ஹெட்களுக்கு இதுவே பாதி மருந்து. அறுபது பேர் வரை சேர்வார்கள். அடுத்து 40 நிமிட எழுத்துத் தேர்வு: டிராயிங் படிப்பது, கன்ட்ரோல் சார்ட்டில் (அளவுகள் எல்லைக்குள் இருக்கிறதா என்று காட்டும் வரைபடம்) எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டுவது, ஷிஃப்ட் கணக்கு. 480 நிமிட ஷிஃப்டில் 40 நிமிடம் இடைவேளை, சைக்கிள் டைம் பீஸுக்கு 55 விநாடி, எத்தனை பீஸ் வர வேண்டும்? 440 நிமிடம் 26,400 விநாடி, வகுத்தால் 480. வந்தது 420 என்றால் 87.5 சதவீதம். இதைப் போட முடியாதவர் மணிக்கு மணி உற்பத்தி போர்டை நிரப்ப முடியாது. தேர்வில் இருந்து 24 பேர் சோதனைப் பயிற்சிச் சுற்றுக்கு. அரை நாளைக்கு நான்கு பேர் வீதம் ஆறு அரை நாள். மதிப்பிடும் மூவருக்கும் மொத்தம் மூன்று நாள் வேலை, அவ்வளவுதான்.

பதுக்கல் பற்றி. செக்ஷன் ஹெட்டைத் திட்டிப் பயனில்லை, அவர் பயம் நியாயமானது. டார்கெட் அப்படியே இருக்க, நல்ல ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் யார் கொடுப்பார்? ஆளை எடுக்க மூன்று மாதம் முன்பே மாற்று ஆளைக் கொடுத்துப் பழக்குங்கள். ஸ்கில் மேட்ரிக்ஸில் (யாருக்கு எந்த ஸ்டேஷன் தெரியும் என்ற அட்டவணை) அந்த ஸ்டேஷனுக்கு இரண்டாவது ஆள் தயாராகும் வரை மாற்றமில்லை என்று எழுத்தில் கொடுங்கள். கூடவே, உங்கள் செக்ஷனில் இருந்து எத்தனை பேர் மேலே போனார்கள் என்பதை அவருடைய வருடாந்தர மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி வளர்ப்பது. ஒரு வார ஹோட்டல் டிரெய்னிங்கில் போட்டோ நன்றாக வரும். திங்கட்கிழமை லைனில் ஒன்றும் மாறாது. அந்தப் பணத்தில் டிடபிள்யூஐ வேலைக் கற்பித்தல் வகுப்பை இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் உள்ளேயே நடத்தலாம். ஒவ்வொருவரும் தன் லைன் வேலை ஒன்றைக் கொண்டுவந்து கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். வகுப்பறை அதோடு போதும். (கற்பதில் 70 சதவீதம் வேலையில், 20 மற்றவரிடம், 10 வகுப்பில், அதாவது 70:20:10 என்று யாராவது ஸ்லைடு போட்டால் பதறாதீர்கள். மேலதிகாரிகளிடம் எதில் கற்றீர்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லக் கேட்டு வந்த விகிதம் அது. பட்ஜெட்டை அப்படிப் பிரிக்க வேண்டியதில்லை.)

மீதி பன்னிரண்டு மாதம் வேலையில்தான். நான் வைக்கும் வரிசை இது. முதலில் ரிஜெக்ஷனைக் குறைக்கும் வேலை ஒன்று, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் மூடக்கூடியது. "பிளான்ட் ஸ்கிராப்பைக் குறை" என்று கொடுத்தால் தோற்பது உறுதி. "நாலாவது ஸ்டேஷனில் த்ரெட் சேதம்" என்று கொடுத்தால் முடிப்பார். பிறகு ஆறு வாரம் பிளானிங்கில், தன் லைனுக்கு மெட்டீரியல் ஏன் தாமதமாகிறது என்று அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்க. ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரநிலை) உள் தணிக்கையில் ஒருமுறை உடன் போகட்டும். கேள்வி கேட்கும் இடத்தில் நின்றால்தான் ரெக்கார்டு எதற்கு என்று புரியும்.

முக்கியமானது பொறுப்பு சூப்பர்வைசர் வேலை. சூப்பர்வைசர் லீவில் போகும்போது ஒரு முழு வாரம், குறைந்தது நான்கு முறை. இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. அதிகாரம் எழுத்தில் கொடுக்காமல் "நீ பார்த்துக்கோ" என்று விட்டுவிடுவார்கள். லைனை நிறுத்தலாமா, ஒரு நாள் லீவு கொடுக்கலாமா, ஓவர்டைம் தாளில் கையெழுத்துப் போடலாமா என்று நோட்டீஸ் போர்டில் பெயரோடு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த வாரம் அவர் எடுபிடி, தப்பு நடந்தால் மட்டும் பொறுப்பாளி. வாரம் முடிந்ததும் வழிகாட்டி ஒருவர் இருபது நிமிடம் உட்கார்ந்து என்ன முடிவு எடுத்தாய், எதைத் தள்ளிப்போட்டாய் என்று கேட்க வேண்டும். வழிகாட்டி அவருடைய சொந்த செக்ஷன் ஹெட்டாக இருக்க வேண்டாம், உண்மை வராது.

கடைசியில் பதவி கொடுக்கும்போது முதல் ஆறு மாதம் வேறு லைன், முடிந்தால் வேறு ஷிஃப்ட். நேற்றுவரை ஒரே பஸ்ஸில் வந்தவர்களின் அட்டெண்டன்ஸை இன்று கேள்வி கேட்பது யாருக்கும் முடியாது.

மௌனம்_நல்லது எழுதியது:

சொல்லலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து, சொல்லாதீர்கள். சொன்ன அன்றே தலையில் ஏறிவிடும், சொல்லப்படாத 400 பேருக்கு மனம் விட்டுப்போகும், யூனியன் "எந்த அடிப்படையில்?" என்று கேட்கும்.

அளவுகோல் எழுதியது:

ஆறு வாரம் பிளானிங்கில் உட்கார வைத்துவிட்டு அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? கேன்டீனுக்கு அன்று மதியமே தெரியும். சொல்லாவிட்டால் நிர்வாகத்துக்கு வேண்டியவர்களைத் தூக்குகிறார்கள் என்ற கதைதான் ஓடும். யூனியன் கேட்பதற்கு முன்பே அடிப்படையை நோட்டீஸில் போடுங்கள்: தகுதி, தேர்வு தேதி, எத்தனை இடம், அடுத்த வாய்ப்பு எப்போது. தேர்வானவரிடம் பேசும்போது மூன்று விஷயம் விடுபடக் கூடாது. இது பயிற்சிக்கான இடம், பதவிக்கான வாக்குறுதி அல்ல. நான்காவது மாதத்திலும் எட்டாவது மாதத்திலும் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நீயும் விலகலாம், நாங்களும் நிறுத்தலாம், எப்படியானாலும் பழைய வேலைக்கு அதே சம்பளம், அதே ஸ்டேஷன். எழுத்திலும் கொடுங்கள். "உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு" என்ற வாக்கியம் மட்டும் வேண்டாம். அதைப் பதவி உறுதி என்றுதான் வீட்டில் போய்ச் சொல்வார்.

எடுக்கப்படாதவர்களில் பயிற்சிச் சுற்று வரை வந்த 12 பேரைத் தனித்தனியாக, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பாருங்கள். மார்க் சொல்ல வேண்டாம், நடத்தையைச் சொல்லுங்கள்: "டிராலியை நிறுத்தாமல் ஆஃப்செட் மாற்றினீர்கள்." அடுத்த வருடம் எதைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

சம்பளப்_பட்டுவாடா எழுதியது:

எல்லாரும் தேர்வையும் பயிற்சியையும் பேசுகிறீர்கள். பன்னிரண்டு மாதம் கழித்து ஆர்டர் கையில் கொடுக்கும்போது "வேண்டாம் சார்" என்று ஏன் சொல்கிறார்கள் என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

ஆபரேட்டர் மொத்தச் சம்பளம் ₹20,000 என்று வையுங்கள். 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு ₹96 சொச்சம். ஓவர்டைம் இரட்டிப்பு, மணிக்கு ₹192. மாதம் 16 மணி நேரம் பார்த்தால் ₹3,077. ஆக ₹23,077 வாங்குகிறார். நீங்கள் பெருமையாக ₹23,000க்குச் சூப்பர்வைசர் ஆர்டர் கொடுக்கிறீர்கள், ஓவர்டைம் கிடையாது. கையில் ₹77 குறைவு, பொறுப்பு மட்டும் கூடுதல்.

இதோடு முடியவில்லை. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பள வரம்பு மாதம் ₹21,000. வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்க மாட்டார்கள், அதனால் ₹20,000இல் இருந்தவரைக்கும் குடும்பத்துக்கே மருத்துவம் இருந்தது. ₹23,000 ஆனதும் அந்தப் பங்களிப்புக் காலம், அதாவது செப்டம்பர் அல்லது மார்ச், முடிந்த பிறகு வெளியே. அப்பா அம்மாவுக்கு ஈஎஸ்ஐ மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய அடி. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து ₹21,000 தாண்டினால் சட்டப்படியான போனஸும் போகும்.

அதனால் பட்டியல் போடும் நாளிலேயே 12 பேரின் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, ஓவர்டைமோடு சேர்த்துச் சராசரி போடுங்கள். சூப்பர்வைசர் சம்பளம் அந்தச் சராசரியைவிடக் குறைந்தது பதினைந்து சதவீதமாவது மேலே இருக்கட்டும். பெற்றோரையும் சேர்த்து குரூப் மெடிக்ளைம் எடுங்கள், ஈஎஸ்ஐ முடியும் தேதிக்கு முன்பே அது நடப்பில் இருக்க வேண்டும். மெடிக்ளைமில் பெற்றோரைச் சேர்க்க ஃபைனான்ஸ் முதலில் மறுக்கும். வெளியிலிருந்து ஒரு சூப்பர்வைசரை எடுக்க ஏஜென்சிக்குக் கொடுக்கும் கட்டணத்தைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

ஷிஃப்ட்_பி எழுதியது:

ஈஎஸ்ஐ விஷயம் எங்கள் கணக்கிலேயே இல்லை. சம்பளச் சீட்டுகளை இன்றே கேட்டிருக்கிறேன். பத்து சீட்டுப் பயிற்சியை அசெம்ப்ளிக்கு எழுதும்போது போர் விட்டத்துக்குப் பதில் என்ன வைக்கலாம்?

கெம்பா_நடை எழுதியது:

டார்க் ரெஞ்ச், குறித்த அளவுக்கு போல்ட்டை முறுக்கியதும் கிளிக் ஆகும் கருவி. காலையில் காலிபரேஷன் சரிபார்த்தபோது 25 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 21இல் கிளிக் ஆகிறது, நேற்று காலை சரிபார்த்தபோது சரியாக இருந்தது, இடையில் எத்தனை அசெம்ப்ளி போனது என்று போர்டில் இருக்கிறது. ரெஞ்சை மாற்றுவேன் என்று மட்டும் எழுதுகிறாரா, நேற்று காலையில் இருந்து போனவற்றைத் தேடுகிறாரா என்று பாருங்கள்.